ஆங்கிலன் தன் மொழிக்குக் கேட்பதை நாம் நம் மொழிக்குக் கேட்டோமா?



ஒரு மொழியைக் கொல்வதற்குப் படை வேண்டுவதில்லை, பகைவன் வேண்டுவதில்லை, தடைச்சட்டமும் வேண்டுவதில்லை. பள்ளியில் அம்மொழிக்கென ஒதுக்கிய பாடவேளையில் மாணவனிடம் ஒன்றுங் கேளாமல் விட்டுவிட்டாலே போதும். முதல் தலைமுறையில் அம்மொழி நாவில் நிற்கும், அறிவில் நில்லாது. அடுத்த தலைமுறையில் நாவிலிருந்தும் நீங்கும். இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் தமிழுக்கு நேர்ந்துகொண்டிருப்பது இதுவே.

இந்தி வந்து வாயிலைத் தட்டினால் நாம் விழித்துக்கொள்கின்றோம். 1938-இல் விழித்தோம், 1965-இல் விழித்தோம், உயிரையுங் கொடுத்தோம். அது நம் பெருமை. ஆனால், ஆங்கிலம் வாயிலைத் தட்டுவதில்லை. நாமே கதவைத் திறந்து, திண்ணையில் அன்று, அடுக்களையிலேயே அதற்கு இடங்கொடுத்துவிட்டோம். இடங்கொடுத்தது போதாதென்று, பெற்ற தாயைத் தொழுவத்திற்கு அனுப்பிவிட்டோம். இதைப் பகைவன் செய்திருந்தால் போராடியிருப்போம். நாமே செய்வதால் அதற்கு முன்னேற்றம் என்று பெயரிட்டிருக்கின்றோம்!

குன்றக்குடி மலையடியில் நின்று நாற்புறமும் நோக்குக. கூப்பிடு தொலைவில் பிள்ளையார்பட்டிக் குடைவரை. மலையைக் குடைந்த பெருந்தச்சன் ஒருவனின் பெயரைத் தமிழிற் பொறித்த பழங்கல்வெட்டு அங்கே உள்ளது. உளி பிடித்தவனுக்கும் எழுத்து இருந்த நாடு இது! மறுபுறம் காரைக்குடி. தமிழ்த்தாய்க்கென்றே கோயில் எழுப்பிய ஊர். மலையடியிலோ குன்றக்குடித் திருமடம். இறைவன் திருமுன் தமிழே ஒலித்தல் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் முழங்கிய தவத்திரு அடிகளார் (1925–1995) வீற்றிருந்த இடம். பண்டிதமணி கதிரேசனார் பிறந்த மகிபாலன்பட்டியும், மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார் பிறந்த மேலைச்சிவல்புரியும் இப்பகுதியினவே. 'பூங்கொடி' பாடிய முடியரசனார் தமிழாசிரியராகப் பணியாற்றியதும் காரைக்குடியிலேயே.

இத்தகைய மண்ணில், காலை எட்டு மணிக்குச் சிற்றூர்தோறும் மஞ்சள் ஊர்தி வந்து நிற்கின்றது. அப்பச்சியும் ஆத்தாவும் அப்பத்தாவும் வழிகூட்டி அனுப்ப, டாடியும் மம்மியும் கிராண்ட்மாவும் கற்பிக்கும் பள்ளிக்குப் பிள்ளை செல்கின்றான். மாலையில் திரும்பி வரும்போது அவனுக்குத் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. வீட்டுப்பாடம் மட்டும் இருக்கின்றது.

இரு வகுப்புகளும் இரு நீதியும்

ஓர் ஏழாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஆங்கில வகுப்பு என்றால் அங்கே நெறிகள் உண்டு. நான்கு கோட்டுக் குறிப்பேடு தனியே வேண்டும், அதற்குப் பழுப்பு நிற உறை வேண்டும், நாள்தோறும் சொற்களை எழுத்துக்கூட்டி ஒப்பிக்க வேண்டும், சொல்வதெழுதுதல் உண்டு, பிழையான சொல்லைப் பத்துமுறை எழுதுதல் உண்டு. தனியார் பள்ளிகள் பலவற்றில் தமிழிற் பேசினால் தண்டமும் உண்டு. தன் நாட்டில், தன் ஊரில், தன் தாய்மொழியிற் பேசியதற்குத் தமிழ்ச் சிறுவன் காசு கட்டுகின்றான்! அதைத் தமிழ்ப் பெற்றோர் கொடுத்தனுப்புகின்றனர்!

தமிழ் வகுப்பு என்றால்? "தமிழ்தானே! வீட்டிற் பேசுவதுதானே!" அவ்வளவே. கணக்கு முடியவில்லையென்றால் தமிழ்ப் பாடவேளையைக் கடன் கேட்பர். ஆங்கிலம் முடியவில்லையென்றாலும் தமிழ்ப் பாடவேளையையே கேட்பர். விளையாட்டு விழாவிற்கு அணிவகுப்புப் பயிற்சியா? தமிழ்ப் பாடவேளை. பட்டியல் எழுதவும் பொருள் பங்கிடவும் ஆசிரியர் தேவையா? தமிழாசிரியர். கொடுத்த கடன் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. எஞ்சிய வேளையில், கரும்பலகையில் எழுதிய விடையை மாணவன் பார்த்தெழுதுகின்றான். தேர்வுக்கு முன் அதையே உருப்போடுகின்றான். செய்யுளை அடிபிறழாமல் எழுதுகின்றான். அதன் பொருளைக் கேட்டால் விழிக்கின்றான்.

பாடநூலைக் குறை கூறுவதற்கில்லை. 2018-19, 2019-20 ஆம் கல்வியாண்டுகளில் ஆறு முதல் எட்டு வரை வந்த புதிய தமிழ்ப் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். இயல்தோறும் செய்யுள், உரைநடை, விரிவானம், இலக்கணம் என்று முறையாக அமைந்துள்ளன. 'மொழியை ஆள்வோம்' என்னும் பகுதி உண்டு. 'மொழியோடு விளையாடு' உண்டு. 'நிற்க அதற்குத் தக' உண்டு. 'கலைச்சொல் அறிவோம்' உண்டு. கேட்கவும் பேசவும் படைத்தெழுதவும் அங்கே வழி வகுத்துள்ளனர். ஆனால், வகுப்பறைகள் பலவற்றில் தாண்டிச் செல்லப்படுவன அப்பகுதிகளே. "அவை தேர்வுக்கு வாரா" என்பதே அதற்குச் சொல்லப்படுங் கரணியம். மொழியை ஆள்வது தேர்வுக்கு வாராதாம்! பின் எதற்காக ஐயா தேர்வு?

ஆங்கில வகுப்பேனும் ஆங்கிலத்தைத் தருகின்றதா? அதுவும் இல்லை. விடுப்பு மடல் ஒன்றே சான்று. காய்ச்சலால் வருந்துவதாகவும் விடுப்பு அளிக்குமாறும் வேண்டும் ஆங்கில மடல் ஒன்றைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உருப்போட்டு வருகின்றனர். பல்வலி வந்தாலும் அவனுக்குக் காய்ச்சல்தான்; அக்காள் திருமணம் என்றாலும் காய்ச்சல்தான். ஏனெனில், மனப்பாடஞ் செய்த மடலில் வேறு நோய் இல்லை! தன் வயிற்றுவலியைத் தன் சொல்லால் எழுத முடியாத கல்விக்கு ஆங்கிலக் கல்வி என்று பெயர். அதற்காகத்தான் தமிழைத் தொலைத்தோம்.

ஆங்கிலன் வகுப்பில் நடப்பது என்ன?

"மேலைநாட்டைப் பாருங்கள்" என்பது ஆங்கிலப் பற்றாளரின் மாறாத பாட்டு. பார்ப்போம். நன்றாகவே பார்ப்போம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் மிகுந்து வாழும் அமெரிக்காவில், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் நடுப்பள்ளி எனப்படும். அங்கே ஆங்கில வகுப்பு என்பது தாய்மொழி வகுப்பு. 2010-இல் வெளிவந்து, அந்நாட்டு மாநிலங்களுட் பெரும்பாலானவை ஏற்றுக்கொண்ட பொதுக்கல்வித் தரநெறிகள், அவ்வகுப்பிற் படிக்கும் பிள்ளையிடம் எவற்றைக் கேட்கின்றன தெரியுமா? ஒரு கருத்தை நிறுவி, அதற்குக் கரணியம் காட்டி, சான்று தந்து, மாற்றாரின் கருத்துக்கும் விடை கூறி எழுதச் சொல்கின்றன. ஒரு செய்தியைத் தெளிவுற விளக்கி எழுதச் சொல்கின்றன. கண்டதையும் பட்டதையும் கதைபோல் எடுத்துரைக்கச் சொல்கின்றன. எட்டாம் வகுப்பளவில், எழுதும் பயிற்சியுள் நூற்றுக்கு 35 பங்கு வழக்குரைத்து நிறுவுதற்கும், 35 பங்கு விளக்குதற்கும், 30 பங்கு பட்டறிவை எடுத்துரைத்தற்கும் என்று அளவும் குறித்துள்ளனர். எழுதியதைத் திருத்தி மீண்டும் எழுதுதல் அங்கே தண்டனை அன்று, பாடத்தின் பகுதி. பிறர் சொல்வதைக் கேட்டு, அதன்மேல் வினவி, தன் கருத்தை அவையிற் சொல்லுதலும் பாடமே. வரலாறும் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் படிப்பிலும் எழுத்திலும் பொறுப்பு உண்டு என்று அந்நெறிகள் தெளிவாகக் கூறுகின்றன.

அங்குள்ள பள்ளிகள் எல்லாம் இவற்றை நிறைவாகச் செய்துவிட்டன என்று நான் கூற வரவில்லை. ஆனால், கேட்கின்றார்கள்! தன் தாய்மொழியில் எண்ணவும் வழக்காடவும் தெரியாத பிள்ளை குடிமகன் ஆகமாட்டான் என்பதை அறிந்து கேட்கின்றார்கள். "வீட்டிற் பேசுவதுதானே" என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. வீட்டிற் பேசும் மொழி என்பதனாலேயே அதை அறிவின் கருவியாக்கித் தீட்டுகின்றார்கள்.

இவ்வறிவு ஆங்கிலனுக்குப் பிறவியில் வந்ததன்று. அவனும் ஒருகாலத்தில் அயன்மொழிக்கு அடிமையாய்க் கிடந்தவனே. நார்மானியர் வெற்றிக்குப்பின் இங்கிலாந்தின் ஆட்சிமொழியும் வழக்குமன்ற மொழியும் பிரெஞ்சாய் இருந்தன. 1362-இல், மக்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்று கூறி, வழக்குகளை ஆங்கிலத்தில் உரைக்கச் சட்டம் செய்தனர். அச்சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினர் என்றால் அடிமைத்தனம் எத்துணை ஆழமாய் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்! பள்ளியிலும் அதே நிலை. பிள்ளைகள் இலத்தீன் பாடத்திற்குப் பிரெஞ்சில் பொருள் சொல்லிக்கொண்டிருந்தனர். கார்ன்வால் என்னும் பெயருடைய ஓர் ஆசிரியர் அதை மாற்றி ஆங்கிலத்தில் சொல்ல வைத்தார். 1385 அளவில் இங்கிலாந்தின் இலக்கணப் பள்ளிகள் எல்லாம் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்திற்கு மாறிவிட்டன என்று திரெவிசா என்னும் மொழிபெயர்ப்பாளர் எழுதி வைத்துள்ளார். தொடங்கியவர் ஒரு பள்ளியாசிரியர் என்பதைத் தமிழாசிரியர்கள் நெஞ்சிற் பொறித்துக்கொள்க! 1582-இல் முல்காசுட்டர் என்னும் தலைமையாசிரியர், எக்கலையையும் ஆங்கிலத்திற் சொல்ல இயலும் என்று நூலெழுதி வாதிட்டார். 1921-இல் நியூபோல்ட்டு குழு, தாய்மொழிப் பயிற்சியே கல்வி முழுமைக்கும் அடித்தளம் என்று அரசுக்கு அறிக்கை தந்தது.

ஆங்கிலனிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஆங்கிலம் அன்று; அவன் தன் மொழியைப் போற்றிய முறையையே கற்றல் வேண்டும். நாமோ முறையை விட்டுவிட்டு மொழியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பக்கத்து வீட்டான் தன் தாயைப் பேணுவதைக் கண்டு, அவன் தாயை நம் வீட்டுக்கு அழைத்துவந்து, நம் தாயை வெளியே அனுப்பிய கதையாயிற்று!

கழுத்திற் கட்டிய கட்டை

தமிழ் பேசினால் தண்டம் என்பது புதுக்கொடுமை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்சு நாட்டுப் பள்ளிகளில், தாய்மொழியாகிய வேல்சு மொழியைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவர். அவன் வேறொருவன் அம்மொழியைப் பேசக் கேட்டால் கட்டை அவன் கழுத்துக்கு மாறும். பள்ளி முடியும்போது எவன் கழுத்திற் கிடக்கின்றதோ அவனுக்கு அடி. கென்ய நாட்டு எழுத்தாளர் கூகி, தம் இளமையில் கிக்கூயு மொழி பேசிய பிள்ளைகள் இவ்வாறே இழிவுபடுத்தப்பட்டதை 1986-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். தண்டத்தினும் கொடியது எது என்று அவ்வரலாறு காட்டுகின்றது. தோழனே தோழனைக் காட்டிக்கொடுக்கப் பழகுகின்றான். தாய்மொழி என்றாலே அடியும் இழிவும் என்று பிஞ்சு நெஞ்சில் பதிகின்றது.

வேல்சு மக்கள் விழித்துக்கொண்டனர். இன்று அந்நாட்டுப் பள்ளிகளில் பதினாறு அகவை வரை வேல்சு மொழி கட்டாயப் பாடம். கட்டையைக் கழற்றி எறிந்தது வேல்சு. அதை எடுத்துவந்து நம் பிள்ளைகளின் கழுத்தில் நாமே கட்டுகின்றோம்; அதற்குக் கட்டணமுங் கட்டுகின்றோம்.

ஆணைகளும் அவற்றின் கதியும்

அரசு ஒன்றுமே செய்யவில்லையா எனின், செய்தது. செய்ததைத் தானே கெடுத்தது. 1999 நவம்பரில், ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்று ஆணை பிறந்தது. 2000 ஏப்பிரலில் சென்னை உயர்வழக்குமன்றம் அதைத் தள்ளிற்று. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. அவ்வாண்டு முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்க அது வழி செய்தது. நன்று. ஆனால், 2012-13 முதலாகவே அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. ஒரு கையால் நட்டு மறுகையால் பிடுங்கிய கதை! 2014 மே 6-இல், கருநாடக வழக்கில், தாய்மொழிவழிக் கல்வியைத் தனியார் பள்ளிகள்மேல் அரசு சுமத்துதல் இயலாது என்று இந்திய உச்சமன்றமும் தீர்ப்புரைத்துவிட்டது. தன் பிள்ளை எம்மொழியிற் கற்கவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோர்க்காம். அவ்வுரிமையைத் தமிழைத் துறப்பதற்கே பயன்படுத்துகின்றனர் நம்மவர்.

விளைவு என்ன? 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஏறத்தாழ 47,000 பேர் தமிழில் தேர்ச்சி பெறவில்லை. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வாரவேயில்லை. தமிழ்நாட்டில்! தமிழில்! இவர்கள் பத்தாம் வகுப்பில் திடீரெனத் தமிழை மறந்தவர்கள் அல்லர். ஆறிலும் ஏழிலும் எட்டிலும் கேட்கவேண்டியவற்றைக் கேளாமல் தள்ளிவிட்டவர்கள் நாம்.

'பிழைப்புக்கு ஆங்கிலம்' என்பார்க்கு

"தமிழ் சோறு போடுமா?" என்பர். செட்டிநாட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்பதற்கு நாணம் வேண்டாவா? இரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சைகோனிலும் கடை வைத்துக் கடல்கடந்து பெரும்பொருள் ஈட்டிய நகரத்தார், கணக்கை எம்மொழியில் எழுதினர்? பேரேடு தமிழ், பற்று வரவு தமிழ், ஆண்டிறுதி ஐந்தொகை தமிழ். பெட்டியடிப் பையனாய்க் கடலேறிய சிறுவன் எண்சுவடியைத் தமிழிற் கற்றவன். சென்ற நாட்டில் அந்நாட்டு மொழியையும் தேவைக்குக் கற்றுக்கொண்டான். ஈட்டிய பொருளில் எழுந்த முகப்பும் வளவும் பட்டாலையும் இன்றும் நின்று சான்று பகர்கின்றன. தமிழ் சோறு போட்டது மட்டுமன்று, தேக்கும் பளிங்கும் கொண்டு மாளிகையும் கட்டியது!

அப்படிப் பருமாவுக்குச் சென்று இரங்கூனில் கடைப்பணி பார்த்த சிறுவர்களுள் ஒருவர்தாம் வ.சுப. மாணிக்கனார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் உயர்ந்த அப்பெருமகனார், பதவி நீங்கியபின் ஓய்ந்திராமல் தமிழ்வழிக் கல்வி இயக்கம் கண்டு ஊர் ஊராய்ச் சென்று மழலைப் பள்ளிகளின் ஆங்கில மோகத்தைக் கடிந்தார். அன்று அவர் சொன்னதைச் செட்டிநாடே முழுமையாகக் கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இராது.

ஆங்கிலம் வேண்டா என்று நாம் கூறவில்லை. மொழியாகக் கற்பிக்க, செவ்வனே கற்பிக்க, அதற்குரிய பாடவேளையில் கற்பிக்க. தாய்மொழியில் ஒரு கருத்தைக் கோவையாக எழுதப் பழகியவன் வேற்று மொழியிலும் விரைந்து பழகுவான். சுவர் இருந்தால்தான் ஓவியம். சுவரை இடித்துவிட்டு வண்ணம் வாங்கக் கடைக்கு ஓடுகின்ற பேதைமையையே நாம் எதிர்க்கின்றோம்.

கேட்கவேண்டியவை

ஆறு முதல் எட்டு வரையுள்ள தமிழ் வகுப்பில் இனிக் கேட்கவேண்டியவை இவை.

ஒன்று: தமிழ்ப் பாடவேளை கடனுக்கு இல்லை. தலைமையாசிரியர் கேட்டாலும் இல்லை.

இரண்டு: பாடநூலுக்கு வெளியே, ஆண்டுக்கு நான்கு முழு நூல்களை ஒவ்வொரு மாணவனும் படித்தல் வேண்டும். படித்ததைப் பற்றி வகுப்பில் எழுந்து நின்று பேசுதல் வேண்டும்.

மூன்று: கிழமைக்கு ஒரு கட்டுரை. உரைநூலிற் கண்டது அன்று. தன் கண்ணாற் கண்டது. கண்மாயின் கலுங்கு பழுதுபட்டது ஏன்? ஊருணியிற் குப்பை கொட்டுவதை எவ்வாறு தடுப்பது? ஊராட்சித் தலைவருக்கு எழுதுக, சான்றுடன் எழுதுக. ஆசிரியர் திருத்தித் தந்தபின் மீண்டும் எழுதுக. உருப்போட்ட கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை.

நான்கு: திங்களுக்கு ஒரு சொற்போர். எதிர்க்கட்சி பேசுவதைப் பொறுமையாய்க் கேட்டு விடை கூறப் பழக்குக. வசை வேறு, வழக்கு வேறு என்பதை நடுநிலைப் பள்ளியிலேயே நம் பிள்ளைகள் கற்கட்டும்.

ஐந்து: ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு சொல்லேடு. "உன் அப்பத்தாவிடம் கேட்டு நாளைக்குப் பத்துச் சொற்கள் எழுதிவா" என்று கூறுக. கொட்டான், மடை, கலுங்கு, வளவு என்று இம்மண்ணின் சொற்கள் அம்முதியோரோடு மறைந்துகொண்டிருக்கின்றன. பாவாணர் வேர் தேடி வாழ்நாளைச் செலவிட்ட சொற்செல்வத்தைப் பொறுக்கியெடுக்க நம் பிள்ளைகளின் கைகள் போதும்.

ஆறு: அறிவியலாசிரியரும் கணக்காசிரியரும் மாணவனின் தமிழ்ப்பிழையைத் திருத்துதல் வேண்டும். தமிழ் தமிழாசிரியர் வீட்டுச் சொத்து அன்று.

ஏழு: தாய்மொழி பேசியதற்குத் தண்டம் வாங்கும் பள்ளியைப் பெற்றோர் ஒன்றுகூடிக் கேள்வி கேட்டல் வேண்டும். ஒருவர் கேட்டால் மிரட்டுவர். நூற்றுவர் கேட்டால் நிறுத்துவர்.

இவற்றுள் ஒன்றற்கேனும் புதுச்சட்டம் வேண்டுமா? பெரும்பொருள் வேண்டுமா? இல்லை. ஆசிரியர்க்கு மானமும் பெற்றோர்க்குத் துணிவும் இருந்தால் வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.

இறுதியாக நம் அணியினர்க்கு ஒரு சொல். மேடையில் தமிழ் முழக்கம், வீட்டில் ஆங்கிலவழிப் பிள்ளை என்னும் இரட்டை வாழ்க்கை நடத்துவோர் நம்முள்ளும் உளர். அவர்கள் முதலில் தம் பிள்ளையின் தமிழ்க் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கட்டும். அதில் அவன் சொந்தமாக எழுதிய ஒரு தொடரேனும் இருக்கின்றதா என்று தேடட்டும். இல்லையெனில், அடுத்த கூட்டத்திற்குச் சுவரொட்டி ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குச் செல்லட்டும். தமிழ்ப் பாடவேளை எங்கே போயிற்று என்று கேட்கட்டும்.

கோயிலில் தமிழ் வேண்டும் என்றோம். ஆட்சியில் தமிழ் வேண்டும் என்றோம். வழக்குமன்றத்தில் தமிழ் வேண்டும் என்றோம். அங்கெல்லாம் சென்று அமரவேண்டிய தமிழ் இன்று ஏழாம் வகுப்பின் கடைசி இருக்கையில் கேட்பாரற்று உட்கார்ந்திருக்கின்றது. அதை எழுப்பி முன்னிருக்கைக்குக் கொண்டுவருக. மற்றவை தாமே வரும்.

தமிழாசிரியனே, கேள்! பெற்றோரே, கேளுங்கள்! கேளாத மொழி வாழாது!